முதன்மை விருந்தினர் எழுந்திருக்கவில்லை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

பிள்ளையைப் பெற்ற இல்லத்தின் மூத்தவர், பெண்ணைப் பெற்ற இல்லத்தின் மூத்தவருக்குத் தமது வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்வதுடன், அன்னார் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்ததை உரிய மரியாதையுடன் பதிவு செய்துகொள்கிறார். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தூதரகத்தில் கடிதம் எழுதுவதென்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். நான், நீங்கள் என்றெல்லாம் எழுதக் கூடாது. யாரோ ஒருவர் வேறு யாரோ ஒருவருக்கு எழுதுவதுபோல எழுத வேண்டும். பக்கத்துத் தூதரகத்தின் கார் நம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால்கூட, தங்கள் மீதுள்ள எங்கள் உயர்ந்த மதிப்பை மீண்டும் ஒருமுறை உறுதி செய்கிறோம் என்று சேர்த்துத்தான் காரை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று உங்கள் மகள் சொன்னாள். நானும் ஒரு பக்கம் அப்படியே எழுதிப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே இனி நம் வழக்கப்படியே எழுதுகிறேன். இங்கே மருமகள், மகன், பேத்தி, நான் நால்வரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். மரியாதையாகத்தான் திட்டியிருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. பெண்ணிடம் போனில், 'எப்பம்மா ஊருக்கு வர்றே?' என்று கேட்டால், 'டி.டி.ஒய். முடியணும்ப்பா, அப்புறம் எச்.க்யூ. சரின்னு சொல்லணும், ஆர் அண்ட் ஆர் கிடைச்சா வருவேன், ஆனா என்.எஃப்.எஸ். போட்டுட்டாங்கன்னா நேரா போஸ்ட்டுக்குப் போயிடணும்' என்கிறாளாம். பெற்ற பெண் பேசுவது பெற்றவர்களுக்கே விளங்கவில்லையாம். சம்பந்தியம்மா அதில் என்.எஃப்.எஸ். என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அது ஏதோ வயிற்றில் வரும் கோளாறு, பெண் நம்மிடம் மறைக்கிறாள் என்று சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மாமனார் என்று ஒருவர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே, அவராவது இதையெல்லாம் விளக்கி நாலு வரி எழுதக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். 'உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே' என்பதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு, பெருந்தன்மையாக அதைத் தாண்டிப்போய் விளக்குகிறேன்.

என் வீட்டுக்காரி போன பிறகு நான் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று என்னை இங்கே கூட்டிவந்தது உங்கள் மகள்தான், அது உங்களுக்கே தெரியும். வந்த புதிதில் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்களுக்கும் சுருக்கெழுத்துகள் உண்டு. பி.டி. என்றால் வண்டி வழியில் படுத்துவிட்டது என்று பொருள். ஆனால் அதைப் பணிமனையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். இங்கே சோறு போடும்போதும் அந்தப் பேச்சுத்தான். முதல் வாரம் முழுக்க எச்.ஓ.எம். எச்.ஓ.எம். என்று மகனும் மருமகளும் பயந்து பயந்து பேசிக்கொண்டார்கள். கடைசியில் அது தூதர்தான் என்று தெரிந்தது. தூதரைத் தூதர் என்று யாரும் சொல்வதில்லை, தூதரகத்தின் தலைவர் என்பதைச் சுருக்கி மூன்றெழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவிக்குச் சுருக்கெழுத்து கிடையாது. அந்த அம்மாளைப் பார்த்தால் அது தேவையில்லை என்று உங்களுக்கே புரியும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். டி.டி.ஒய். என்பது தற்காலிகமாக வேறு இடத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருவது, 'சும்மா டி.டி.ஒய்.தான்' என்று சொல்லிவிட்டுக் குளிர்காலத் துணியையும் சேர்த்து எடுத்துவைத்தால் நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். எச்.க்யூ. என்பது தலைமையகம், அங்கிருந்து நல்ல சேதி வருவதற்குள் கெட்ட சேதி இரண்டு முறை வந்துவிடும். ஆர் அண்ட் ஆர் என்பது, களைத்துப்போன அதிகாரிகளை ஓய்வெடுத்துவிட்டு வா என்று அரசாங்கமே அனுப்பும் விடுப்பு. போன முறை உங்கள் வீட்டுக்கு அந்த விடுப்பில்தான் வந்தார்கள். நீங்களும் ஒன்றுவிட்ட பெரியப்பா, இரண்டுவிட்ட சித்தி என்று ஒருவர் வீடு விடாமல் அழைத்துப்போய்க் காட்டினீர்கள். திரும்பி வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

போஸ்ட் என்பது வேலை பார்க்கும் ஊர். ஊர் என்ற சொல்லையே இவர்கள் மறந்துவிட்டார்கள். போஸ்ட்டில் நல்ல மழை, போஸ்ட்டில் தக்காளி கிடைப்பதில்லை என்றுதான் பேச்சு. நம் பேத்தியிடம் ஒரு நாள் பூங்காவில் யாரோ, 'எந்த ஊர் பாப்பா நீ?' என்று கேட்டதற்கு, 'போன போஸ்ட்டா, இந்த போஸ்ட்டா?' என்று கேட்டாள். நம் மகனுக்கு, அதாவது உங்கள் மாப்பிள்ளைக்கு, அதிகாரப்பூர்வமான பெயர் 'சார்ந்து வாழ்பவர்'. அடையாள அட்டையில் அவன் படத்துக்குக் கீழே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அவன் வீட்டிலிருந்தே கணினியில் தன் வேலையைப் பார்க்கிறான் என்றாலும் அட்டை அட்டைதான். அதிகாரிகளின் மனைவிமார் கூடும் காலைக் காபிக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை, அவனையே செயலாளராகவும் போட்டுவிட்டார்கள். இன்னொன்று, நான்-பேப்பர், அதாவது தாள் அல்லாத தாள். ஒரு விஷயத்தைத் தாளில் எழுதி எதிராளியிடம் கொடுப்பார்கள், ஆனால் தலைப்பு இருக்காது, ஒப்பம் இருக்காது, பிறகு கேட்டால் அப்படி ஒரு தாளே இல்லை என்பார்கள். போன மாதம் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'நாற்காலி முதுகில் ஈரத் துண்டு காயப்போடப்படுவது குறித்து இவ்வீட்டில் ஆழ்ந்த கவலை நிலவுகிறது.' யார் எழுதியது என்று கேட்டேன். 'யாரும் எழுதலை மாமா, அது நான்-பேப்பர்' என்றாள் உங்கள் மகள். குண்டு குண்டாக அவள் எழுத்து எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அன்றிலிருந்து துண்டைக் கொடியில்தான் போடுகிறேன்.

இப்போது என்.எஃப்.எஸ். அது நோயில்லை என்று சம்பந்தியம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். குடும்பத்தை அழைத்துப் போகக் கூடாத ஊர் என்று அதற்குப் பொருள். சண்டை நடக்கும் இடமாக இருக்கும், அல்லது நல்ல மருத்துவமனை இல்லாத இடமாக இருக்கும். அதிகாரி மட்டும் போய், சுவர் எழுப்பிய வளாகத்துக்குள்ளேயே தங்கி, மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் மகள் பெயர் இருக்கிறது என்று எச்.க்யூ.விலிருந்து ஒரு சிநேகிதி காதோடு காதாகச் சொன்னாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசவில்லை. 'மூணு வருஷம்தானே மாமா, ஓடிடும்' என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மகன் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தான். பேத்திதான் உரக்கக் கேட்டாள், 'அம்மா போற போஸ்ட்ல எனக்கு எந்த ரூம்?' என்று. உங்களுக்கு எழுதாமல் நான் நாளைக் கடத்தியதற்குக் காரணம் அதுதான், சோம்பல் இல்லை.

பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர். எச்.க்யூ.வில் இடமாற்றங்களைப் பார்க்கும் அதிகாரி. ஆட்களைத் தூக்கித் தூக்கி வேறு கட்டத்தில் வைப்பதால் அவரைச் சதுரங்கம் என்றுதான் எல்லாத் தூதரகங்களிலும் சொல்வார்களாம். அந்தச் சதுரங்கம் போன வாரம் இங்கே ஆய்வுக்கு வந்தார். மாலை விமானத்தில் ஊருக்குத் திரும்பும் நாளன்று அவருக்கு மதிய விருந்து கொடுக்க வேண்டும். எச்.ஓ.எம். வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் விருந்து நம் வீட்டில் என்று முடிவாயிற்று. 'நல்லதாப் போச்சு, சாப்பாடு போட்டுக் கையோட கேட்டுடும்மா' என்றேன். மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'கேக்கக் கூடாது மாமா. எழுப்பணும்.' கேட்பது வேறாம், எழுப்புவது வேறாம். சாப்பாட்டுக்கு நடுவில், வானிலையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச்சோடு பேச்சாக விஷயத்தை லேசாகத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துவிட வேண்டுமாம். அதற்குப் பெயர்தான் எழுப்புவது.

விருந்தன்று காலை ஒரு விபரீதம் நடந்தது. முதன்மை விருந்தினராக வர வேண்டியவர் பக்கத்து நாட்டுத் தூதர், இந்த ஊரில் எல்லாத் தூதர்களுக்கும் மூத்தவர். அவருக்கு ஜலதோஷம், வர முடியாது என்று சொல்லிவிட்டார். இதில் என்ன விபரீதம், ஒரு தட்டு குறைகிறது, அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். தட்டு பெரிதில்லை, நாற்காலிதான் பெரிது. விருந்து கொடுப்பவளின் வலப்பக்கத்து நாற்காலி முதன்மை விருந்தினருக்கு உரியது. அதில் எச்.ஓ.எம்.மை உட்காரவைத்தால், எச்.க்யூ.வின் பிரதிநிதியாக வந்த சதுரங்கத்துக்கு முகம் சுருங்கும். சதுரங்கத்தை உட்காரவைத்தால், இந்த ஊரில் தன் நாட்டுக்கே தானே முகம் என்று நினைக்கும் எச்.ஓ.எம்.முக்குச் சுருங்கும். எச்.ஓ.எம்.மின் மனைவியை விட்டால் மீதி இருவரும் வெளிநாட்டுக்காரர்கள்: தூதர் வந்து சேரும்வரை பொறுப்பில் இருக்கும் ஒரு தற்காலிகத் தூதர், ஒரு ராணுவ இணைப்பாளர், அதாவது தூதரகத்தில் வேலை பார்க்கும் படை அதிகாரி. அவர்களை அங்கே வைத்தால் நம்மவர்கள் இருவருக்கும் சேர்ந்தே சுருங்கும். மருமகள் பெயர் எழுதிய அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோல் கையில் விரித்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. நான் குளித்துவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடலாம் என்று அந்தப் பக்கம் வந்தேன். அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

'மாமா, இன்னைக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்.'

'நானா? என்னம்மா விளையாடறே?'

'எல்லாரையும்விட வயசுல பெரியவர். எந்த ராங்க்கும் கிடையாது. உங்களைப் பார்த்து யாருக்கும் பொறாமை வராது மாமா.'

அது உண்மைதான் என்றாலும் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம். 'சரி, நான் என்ன செய்யணும், ஏதாவது பேசணுமா?' என்று கேட்டேன்.

'ஒண்ணுமே செய்ய வேண்டாம். உக்காந்தா போதும்' என்றாள்.

இந்த வாக்கியத்தை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. நான் சொன்ன சொல் தட்டாமல் உட்கார்ந்தேன். விருந்து வெகு அழகாக நடந்தது. எச்.ஓ.எம். என்னைப் பார்த்தார், சதுரங்கத்தைப் பார்த்தார், இருவர் முகமும் மலர்ந்தது. கிழவருக்கு முதல் மரியாதை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? சாப்பிட்டு முடித்துக் கூடத்துக்கு வந்து காபி குடிக்க உட்கார்ந்தோம். பெரிய சோபாவின் நடுவில் நான், ஒரு பக்கம் எச்.ஓ.எம்., மறுபக்கம் சதுரங்கம். எதிரே எச்.ஓ.எம்.மின் மனைவி, தற்காலிகம், ராணுவம். காபி முடிந்தது. நான் அவர்கள் கிளம்புவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள் சம்பந்தி. வந்தவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் எழுந்து உள்ளே போனால் அதற்கு என்ன பொருள்? போதும், நடையைக் கட்டுங்கள் என்று பொருள். பெண் பார்க்க நாங்கள் வந்தபோது முட்டிவலியோடு நீங்கள் கடைசிவரை எங்களோடு உட்கார்ந்திருக்கவில்லையா? அந்த மரியாதையைத்தான் நானும் செய்தேன். போதாததற்கு நடுவில் எச்.ஓ.எம். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தபோது, வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். 'இருங்க, என்ன அவசரம்? இன்னொரு காபி சாப்பிடலாமே!' என்றேன். அவர் என்னவோபோல் பின்னால் சாய்ந்துகொண்டார். எனக்கு என்ன தெரியும்? இவர்கள் உலகத்தில் முதன்மை விருந்தினர் எழுந்து விடைபெறும்வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாதாம். அவர் போன பிறகுதான் பதவி வரிசைப்படி ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டுமாம். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாக இவர்களுக்குத் தோன்றவில்லை. அதைவிட, முதன்மை விருந்தினர் அந்த வீட்டிலேயே குடியிருப்பவராக இருந்தால் எழுந்து எங்கே போவார் என்பதை என்னை நாற்காலியில் வைத்த உங்கள் மகளே யோசிக்கவில்லை.

இரண்டாம் காபி வந்தது. பேச்சு நின்றுவிட்டதால் மரியாதைக்கு நானே பேசினேன். பணிமனையில் முன்னால் நிற்கும் வண்டி கிளம்பாவிட்டால் பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் எப்படிச் சிக்கிக்கொள்ளும் என்று விளக்கமாகச் சொன்னேன். சதுரங்கம் மட்டும், 'ஆமாங்க, நல்லாவே புரியுது' என்றார். ராணுவத்தின் செல்பேசி அடித்தது, எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தார். எச்.ஓ.எம்.மின் மனைவி காலையில் போட்ட புன்னகையைக் கழற்றாமல் வைத்திருந்தார். தற்காலிகம் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார், அது அந்த வேலையில் பழகிவிடும்போலும். பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள், உடை மாற்றினாள், வீட்டுப்பாடம் எழுதினாள், விளையாடப் போனாள், திரும்பியும் வந்தாள். மருமகள் எதிரே நின்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். விருந்து கொடுத்தவளே முதன்மை விருந்தினரைக் கிளம்புங்கள் என்று சொன்னால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாதாம், அதனால் கண்ணால் சொல்லியிருக்கிறாள். நான் அதை, விஷயம் இன்னும் எழுப்பப்படவில்லை, சதுரங்கத்தை விட்டுவிடாதீர்கள் மாமா என்று எடுத்துக்கொண்டேன். விடவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்க்கும் போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கதையைத் தொடங்கினேன்.

விளக்குப் போடும் நேரத்தில் மகன் தண்ணீர்ச் செம்போடு வந்து குனிந்து என் காதில் சொன்னான்.

'அப்பா, எழுந்து கிளம்புங்க.'

'எங்கடா?'

'எங்கயாவது. நீங்க கிளம்பினாத்தான் அவங்க கிளம்ப முடியும்.'

'டேய், இது நம்ம வீடுடா.'

'அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். லிஃப்ட்ல கீழே போய் நில்லுங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.'

நான் எழுந்தேன். எழுந்ததுதான் தாமதம், கூடமே எழுந்து நின்றது. ராணுவத்தின் முட்டி சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி விடைபெற்றேன். மருமகளிடம் வந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'சாப்பாடு ரொம்ப நல்லா இருந்ததும்மா. அவசியம் ஒரு நாள் நம்ம வீட்டுக்கும் வரணும்' என்று வாயில் வந்ததைச் சொன்னேன். 'கண்டிப்பா வரோம் மாமா' என்றாள். சிரிப்பை அடக்கினாளா அழுகையை அடக்கினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் செருப்பு உள்ளறையில் இருந்ததால், மகனுடையதை மாட்டிக்கொண்டு கீழே போய் எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். வண்டிகள் தாமதமாகத்தான் வருகின்றன, இந்த ஊரில் நேரக் காப்பாளர் தூங்குகிறார். முதலில் கொடி வைத்த காரில் எச்.ஓ.எம். பறந்தார், அடுத்து தற்காலிகம், அடுத்து ராணுவம். நான் மேலே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சதுரங்கம் தனியாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

'ஐயா, உங்க வண்டி இன்னும் வரலையா? எங்க போகணும் உங்களுக்கு?'

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'மாடிக்கு' என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். விளக்கு எரியும் நம் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். 'நீங்க இந்த வீட்டுலயேதான் இருக்கீங்களா?'

'மருமக வீடுங்க. நீங்க எழுந்திருப்பீங்கன்னுதான் நான் உக்காந்திருந்தேன்.'

'நீங்க எழுந்திருப்பீங்கன்னு நாங்க உக்காந்திருந்தோமே!' என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். விமானம் என்னவாயிற்று என்று மெல்லக் கேட்டேன். 'அது அப்பவே போயிடுச்சு. மேலேர்ந்து போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வரேன்' என்றார். உங்கள் மகளின் மூன்று ஆண்டைக் கையில் வைத்திருப்பவரின் விமானத்தைத் தவறவிட வைத்தது நான். இனி என்.எஃப்.எஸ்.ஸிலேயே மோசமானதாகப் பார்த்துப் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார்.

'அந்த நாற்காலியில உங்களை உக்கார வைக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?'

'மருமகளுக்குத்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.'

'தப்பா? காலையிலேர்ந்து எனக்கு அந்த நாற்காலிக் கவலைதான். தூதர் உக்காந்தா நான் முகத்தைத் தூக்கிவெச்சுக்கணும், நான் உக்காந்தா அவர் தூக்கிவெச்சுக்கணும். ரெண்டு பேருக்கும் அதுல இஷ்டம் கிடையாது. ஆனா பழக்கம் விடாதே!' என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'என்.எஃப்.எஸ். பட்டியல்ல அவங்க பேர் இருக்கு, தெரியுமில்ல?' என்று கேட்டார்.

கேட்கக் கூடாது, எழுப்பத்தான் வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவரே எழுப்பிவிட்ட பிறகு எனக்கு என்ன தடை? 'தெரியுங்க. போட்டீங்கன்னா போவா, ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டா. ஆனா கழுவின பாத்திரத்தையே கழுவிட்டு நிக்கறா. கொழந்தை, அம்மா போற போஸ்ட்ல எனக்கு எந்த ரூம்னு கேக்குது. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியலை' என்றேன்.

ஒரு பேருந்து வந்து நின்றுவிட்டுப் போனது. 'என் பொண்ணு கல்யாணத்துக்கே நான் டி.டி.ஒய். மாதிரிதான் வந்துட்டுப் போனேன்' என்றார் சதுரங்கம். பிறகு எழுந்தார். 'பெரிய மாநாடெல்லாம் நடக்கிற போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கு. தினமும் நாற்காலிச் சண்டைதான். இந்த மாதிரி மூளை அங்கதான் வேணும். குடும்பத்தோட போற ஊருங்க. மாத்திடறேன், கவலைப்படாம இருங்க' என்றார். அவரைக் கையோடு மாடிக்கு அழைத்துவந்தேன். அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்து மீந்ததைச் சாப்பிட்டார். யார் முதலில் எழுந்திருப்பது என்பதை உட்காரும்போதே பேசிக்கொண்டோம்.

ஆகவே சம்பந்தி அவர்களே, உங்கள் மகள் தனியாக எங்கும் போகவில்லை. எழுத்து மூலமான ஆணை இன்றோ நாளையோ வந்துவிடும். குடும்பம் மொத்தமும் ஒன்றாகப் போகிறது. அந்த ஊரில் பனி கொட்டுமாம், எனக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லாய்கூட வாங்கியாகிவிட்டது. ஊரில் என் வீட்டில் குடியிருப்பவருக்கும் எழுதிவிட்டேன், நான் வரப்போவதில்லை, இன்னும் மூன்று ஆண்டு தாராளமாக இருங்கள் என்று. நீங்கள் படித்தவர், பெரிய பதவியில் இருந்தவர், பெண்ணுக்கு ஒரு சிக்கல் என்றதும் என்னைத் திட்டி எழுதினீர்கள். நானோ சும்மா உட்கார்ந்தே அதைத் தீர்த்திருக்கிறேன். இனி பனி ஊரிலும் மூன்று ஆண்டு உட்கார்ந்து சாப்பிடப்போகிறேன், ஆகவே அந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டியதில்லை. அடுத்த ஆர் அண்ட் ஆரில் பெண் வரும்போது அந்த இரண்டுவிட்ட சித்தி வீட்டை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மா வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கட்டும். உங்கள் முட்டிவலி மாடிப்படி ஏறும் அளவுக்காவது இறங்கட்டும். பிள்ளைகள் எந்த போஸ்ட்டில் இருந்தாலும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும். பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசிகளும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போடுவதற்குள் மருமகள் அலுவலகத்திலிருந்து வந்தாள். ஆணை வந்துவிட்டது. சதுரங்கம் சொன்ன சொல் தவறவில்லை, குடும்பத்தோடு போகும் ஊர்தான். ஆணையின் இரண்டாம் பக்கத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்று போட்டிருக்கிறார்கள். கணவன் அல்லது மனைவி, மணமாகாத பிள்ளைகள். அத்துடன் குடும்பம் முடிந்துவிடுகிறது. இந்த ஊரில் என்னை விருந்தாளி என்று சொல்லி அனுமதியை நீட்டி நீட்டி வைத்திருந்தார்களாம். அந்த ஊரில் விருந்தாளியை அப்படி நீட்டிக்க மாட்டார்களாம். மருமகள் அதை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. 'எனக்கு வேண்டாம்னு எழுதிடறேன் மாமா. பழையபடி என்.எஃப்.எஸ்.ஸே போடட்டும். நீங்களும் இவரும் கொழந்தையும் ஒண்ணா இருக்கலாம்' என்றாள். 'பைத்தியமா உனக்கு? கொழந்தைக்கு ரூம் எதுன்னு இப்பத்தான் பதில் கிடைச்சிருக்கு. பெட்டியைக் கட்டு' என்று அதட்டிவிட்டேன். அதட்டிவிட்டு, அளவு பார்ப்பதுபோலக் குல்லாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பேத்தி மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை, தாத்தா பெயர் இல்லாவிட்டால் அந்தத் தாள் தப்பு என்கிறாள்.

ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதியவை எல்லாம் எழுதப்படவில்லை என்று கொள்ளவும். உங்கள் இரண்டுவிட்ட சித்தி தங்கமானவர். என் வீட்டில் குடியிருப்பவர் மூன்று ஆண்டுக்கு மறு ஒப்பந்தமே போட்டு வைத்துவிட்டார், அவரை எழுப்ப முடியாது. பிள்ளையைப் பெற்றவன் சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவது நம் வழக்கத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் உங்களைத் தவிர எனக்கு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. இவர்கள் பனி ஊருக்குக் கிளம்பும் அன்று நான் அங்கே வந்து இறங்கட்டுமா? வாருங்கள் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, உடனே எழுதுங்கள். பரிசீலித்து வருகிறோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சம்பந்தி. இவ்வளவு நாள் இந்த வீட்டில் இருந்ததில் எனக்குத் தெரிந்துவிட்டது, முடியாது என்பதை இவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.